கொடையாளர் மஜ்ஜை வேர்கொண்ட பின் நார்கள் ஏன் கரைகின்றன?

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் எலும்பு மஜ்ஜைத் துண்டை வெள்ளிச்சாயமிட்டுப் பார்த்தால், கணிசமான நோயாளிகளிடம் ரெட்டிகுலின் நார்கள் அடர்ந்து கிடக்கும். கொடையாளரின் குருதியாக்க உயிரணுக்கள் வேர்கொண்ட பின் அந்த நார்கள் மாதக்கணக்கில் மெலிகின்றன. கொத்தாக நின்ற குட்டை மெகாகேரியோசைட்டுகள் மறைந்து இயல்பான அளவுள்ளவை தோன்றுகின்றன. சிவப்பணு முன்னோடிகளும் மீண்டும் தீவுகளாகத் திரள்கின்றன. பழைய மஜ்ஜை போய்ப் புதியது வந்துவிட்டது என்று இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது. கொடையாளரிடமிருந்து வருவது குருதியாக்க மரபு மட்டுமே. நார் சுரக்கும் தாங்குதிசு பெரும்பாலும் நோயாளியுடையதாகவே நீடிக்கிறது. ஆகவே நார் கரைவதை, அதைத் தூண்டிய நோய்க் குளோன் (ஒரே உயிரணுவிலிருந்து பெருகிய நோயணுத் திரள்) ஒடுங்கியதன் விளைவாகவே கொள்ள வேண்டும்.

தாங்குதிசு யாருடையது என்பதில் ஒருகாலத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. 1982இல் ‘நேச்சர்’ இதழில் கீட்டிங் குழுவினர் அது கொடையாளருடையது என்றனர். 1987இல் அதே இதழில் சிம்மன்ஸ் குழுவினர் அது நோயாளியுடையது என்று காட்டினர். வளர்ப்புத் தட்டில் ஒட்டிவளரும் படலத்தில் மேக்ரோபேஜ்களும் கலந்திருக்கும். குருதியாக்க மரபில் பிறக்கும் அவை கொடையாளருடையவையே. முந்தைய முடிவுக்கு இந்தக் கலப்பு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன். இதற்கு முன்பே, 1978இல், ஜேக்கப்சனும் சாலோவும் ஃபியால்கோவும் மஜ்ஜை நார்மிகை நோயில் ஒரு முக்கியமான உண்மையை நிறுவியிருந்தனர்: குருதியணுக்கள் ஒரே குளோனைச் சேர்ந்தவை, நார் உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்டுகளோ அந்தக் குளோனைச் சேராதவை. நார்மிகை ஓர் எதிர்வினை என்ற எண்ணத்துக்கு அடிப்படை அங்கேதான் கிடைத்தது.

மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன் தரும் கதிர்வீச்சும் கடும் மருந்துகளும் ஃபைப்ரோபிளாஸ்டுகளையே முடக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான ஐயம்தான். ஆனால் அந்தச் சிகிச்சை சில நாட்களில் முடிந்துவிடுகிறது. நார்களோ பல மாதங்களில்தான் தேய்கின்றன. மேலும், 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் என்ற மருந்து, கதிர்வீச்சு ஏதுமின்றியே நார்களைக் குறைக்கிறது. இமாட்டினிப், நோய்க் குளோனை இயக்கும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) புரதத்தோடு, ஃபைப்ரோபிளாஸ்டுகளைத் தூண்டும் பிடிஜிஎஃப் ஏற்பியையும் தடுப்பதால், இந்தச் சான்றும் தனியே நின்றால் கலங்கலானதே. ஆயினும் மாற்று சிகிச்சையில் இந்த ஏற்பித் தடை இல்லை, இமாட்டினிப்பில் கதிர்வீச்சு இல்லை. இரண்டுக்கும் பொதுவானது குளோனின் வீழ்ச்சி ஒன்றே.

குளோன் உண்மையில் ஒழிந்துவிடுகிறதா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. 1995இல் ராடிச் குழுவினர் 346 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், மாற்று சிகிச்சைக்குப் பின் 6 அல்லது 12ஆம் மாதத்தில் பிசிஆர் (PCR) என்ற மரபணுச் சோதனையில் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) தென்பட்டவர்களில் 42 விழுக்காட்டினருக்கு நோய் மீண்டது. தென்படாதவர்களில் 3 விழுக்காட்டினருக்கு மட்டுமே. நுண்ணோக்கிக்கு எட்டாத எச்சம் தங்கலாம் என்பது இதனால் தெளிவு. எனவே நார் கரைவது குளோனின் பெருந்திரள் சுருங்கியதற்குச் சான்றாகுமே தவிர, நோய் நீங்கியதற்குச் சான்றாகாது. நோய் நீங்கியதா என்று சொல்லும் வேலை பிசிஆருக்கு உரியது. அதற்காகத் துண்டுச் சோதனையைக் கைவிடவும் கூடாது. அணு எண்ணிக்கை ஏறத் தாமதமாகும்போது, மஜ்ஜைப் படுகை இன்னும் நாரடர்ந்து கிடக்கிறதா, கொடையாளர் அணுக்களே குறைந்துவிட்டனவா என்பதைப் பிசிஆர் மட்டும் சொல்லாது. துண்டின் நார் அளவையும் கொடையாளர் அணுக்களின் விகிதத்தையும் சேர்த்துப் பார்க்காமல், மாற்று மஜ்ஜை தோற்றது என்று முடிவுகட்டுவது அவசரமாகிவிடும்.