அன்செல் ஆடம்ஸ்: கேமராவில் பாதி, இருட்டறையில் மீதி

2020 டிசம்பரில் நியூயார்க்கில் சோத்பீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் 9,88,000 டாலருக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் 7 கோடி ரூபாய்க்கும் மேல். அமெரிக்காவின் டீட்டன் மலைத்தொடரையும் அதன் அடிவாரத்தில் வளைந்தோடும் ஸ்னேக் நதியையும் காட்டும் படம் அது. எடுத்தவர் அன்செல் ஆடம்ஸ். எடுத்த ஆண்டு 1942.

இதில் வியப்பு என்னவென்றால், இதே படத்தை நாம் காசு கொடுக்காமலே பெறலாம். அமெரிக்க உள்துறை அமைச்சகத்துக்காக எடுக்கப்பட்ட படம் என்பதால் அது அந்நாட்டு தேசிய ஆவணக் காப்பகத்தில் பொதுச் சொத்தாக இருக்கிறது. யாரும் பதிவிறக்கம் செய்து சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அப்படியென்றால் 7 கோடி கொடுத்தவர் எதை வாங்கினார்? அவர் வாங்கியது ஆடம்ஸ் உருவாக்கிய பெரிய அளவு பிரிண்டை. படம் வேறு, பிரிண்ட் வேறு. இந்த வேறுபாடு புரிந்தால்தான் 'ஃபைன் ஆர்ட் பிரிண்ட்' என்று இன்று பலர் விற்பதை நாம் எடைபோட முடியும்.

ஆடம்ஸ் 1902இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். இளமையில் அவருடைய கனவு பியானோ கலைஞர் ஆவது. 1916இல் குடும்பத்தோடு யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனபோது பெற்றோர் ஒரு கோடக் பாக்ஸ் பிரவுனி கேமராவைக் கொடுத்தார்கள். அதன்பின் ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் அந்த மலைகளுக்குப் போனார். இசையா, கேமராவா என்று முடிவெடுக்க 1930 வரை ஆனது. இசையிலிருந்தே பின்னாளில் ஓர் உவமையும் சொன்னார்: நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு எழுதிய தாள், பிரிண்ட் என்பது அதை மேடையில் வாசிப்பது.

டார்க் ரூம் வேலை தெரியாத இளைய வாசகர்களுக்காகச் சற்று விளக்குவோம். நெகட்டிவை என்லார்ஜரில் வைத்து, அதன் வழியாக ஒளியை வெள்ளிச் சேர்மம் பூசிய தாளில் விழச் செய்வார்கள். தாளை டெவலப்பரில் போட்டால் படம் மெல்ல எழும். பிறகு ஹைப்போவில் நிலைநிறுத்தி, நீண்ட நேரம் நீரில் கழுவுவார்கள். ஒளி விழும்போது சில பகுதிகளைக் கையால் அல்லது அட்டையால் மறைத்தால் அவை வெளிறும். சில பகுதிகளுக்குக் கூடுதல் ஒளி கொடுத்தால் கறுக்கும். வானம் எவ்வளவு கறுக்க வேண்டும், பனி எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பதை அந்தச் சில நொடிகளில் கை தீர்மானிக்கிறது. கழுவுவதில் அவசரம் காட்டினால் ஹைப்போ தாளிலேயே தங்கிவிடும். நம் வீடுகளில் உள்ள பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சில மஞ்சளாகிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

படம் எடுக்கும்போதே இறுதிப் பிரிண்டை மனக்கண்ணில் காண வேண்டும் என்பது ஆடம்ஸின் கொள்கை. அதற்காக ஃபிரெட் ஆர்ச்சர் என்பவருடன் சேர்ந்து 'சோன் சிஸ்டம்' என்ற முறையை வகுத்தார். முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை 11 படிகள். பாறையின் நிழல் எந்தப் படியில் விழ வேண்டும், மேகம் எந்தப் படியில் என்று முன்கூட்டியே கணக்கிடுவது இதன் சாரம். மொபைலில் படமெடுக்கும் இக்காலத்திலும் புகைப்படக் கல்வியில் இது கற்பிக்கப்படுகிறது.

1941 இலையுதிர் காலத்தில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் காரில் வந்துகொண்டிருந்தபோது ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேலே நிலா எழுந்திருப்பதை ஆடம்ஸ் கண்டார். ஊரின் கல்லறைச் சிலுவைகளில் அந்திச் சூரியனின் கடைசி வெளிச்சம். அவசரமாகக் கேமராவை நிறுத்தினார். ஆனால் ஒளியளவி கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்ற எண் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். அதை வைத்தே கணக்கிட்டு ஒரு தாள் ஃபிலிமில் பதிவு செய்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெளிச்சம் போய்விட்டது. தேதியை அவர் குறித்துவைக்கவில்லை. பல்லாண்டுகள் கழித்து வானியல் அறிந்தவர்கள் நிலாவின் இடத்தைக் கொண்டு 1941 நவம்பர் 1 மாலை என்று கணக்கிட்டார்கள். பிறைக் கணக்கில் ஆர்வமுள்ள நம் வாசகர்களுக்கு இது பிடிக்கும்.

அந்த நெகட்டிவ் பிரிண்ட் போட மிகவும் சிரமமானது. 1948இல் அதன் கீழ்ப்பகுதியை இரசாயனத்தால் மீண்டும் செறிவூட்டினார். தொடக்ககாலப் பிரிண்டுகளில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலப் பிரிண்டுகளில் வானம் ஏறத்தாழ முழுக் கறுப்பு. ஒரே நெகட்டிவ், ஒரே மனிதர், இரண்டு வேறு படங்கள். வாழ்நாளில் இந்த ஒரு படத்துக்கு மட்டும் 1,300க்கும் மேற்பட்ட பிரிண்டுகளைத் தன் கையால் போட்டார்.

இவ்வளவு புகழ் பெற்றவர் பிரிண்ட் விற்றே வாழ்ந்தார் என்று நினைத்தால் அது தவறு. 1927இல் அவர் வெளியிட்ட முதல் தொகுப்பில் 18 பிரிண்டுகள் இருந்தன. தொகுப்பின் விலை 50 டாலர். பல பதிற்றாண்டுகள் அவரது குடும்பத்தை நடத்தியது கூலி வேலைதான்: யோசெமிட்டி சுற்றுலா நிறுவனத்துக்கு விளம்பரப் படங்கள், ஃபார்ச்சூன் இதழுக்குப் படங்கள், கோடக் நிறுவனத்துக்கு வண்ணப் படங்கள், போலராய்டில் ஆலோசகர் பணி, கூடவே பயிற்சி வகுப்புகளும் நூல்களும். 1969இல் அவருடைய யோசெமிட்டி படம் ஒரு காபி டப்பாவின் மேல் கூட அச்சானது. பணக் கவலை விலகியது எழுபதுகளில், வணிக விவகாரங்களைப் பார்க்கத் தனியாக ஒருவரை அமர்த்திய பிறகுதான். பிள்ளை புகைப்படத் துறைக்குப் போகிறேன் என்று சொல்லும் வீடுகளில் இந்தக் கணக்கைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பார்ப்பது நல்லது. திருமண வேலையும் விளம்பர வேலையும் கலைக்கு இழுக்கு என்று ஆடம்ஸ் ஒதுங்கியிருந்தால் இருட்டறைக்குத் தாள் வாங்கவே காசு இருந்திருக்காது.

1975 முடிவோடு இனி பிரிண்ட் ஆர்டர் எடுப்பதில்லை என்று அறிவித்தார். ஆர்டர்கள் குவிந்தன. முதிய வயதில் ஆண்டுக்கணக்கில் இருட்டறையில் நின்று அவற்றை முடித்துக் கொடுத்தார். விலை பறக்கத் தொடங்கியது அதன் பிறகே. 1981இல் ஹெர்னாண்டஸ் நிலாவின் பெரிய பிரிண்ட் ஒன்று 71,500 டாலருக்கும், 2006இல் இன்னொன்று 6,09,600 டாலருக்கும் போயின. 1984இல் அவர் இறந்துவிட்டார்.

மனித உருவங்களை மாட்ட விரும்பாத நம் குடும்பங்கள் பலவற்றில் வரவேற்பறைக்கு இயற்கைக் காட்சிகளை வாங்கும் பழக்கம் உண்டு. 'ஃபைன் ஆர்ட்' என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கேட்டால், யார் பிரிண்ட் போட்டது, எந்தத் தாள், பிக்மென்ட் மையா சாதாரண மையா, எத்தனை பிரதிகள், கையொப்பம் உண்டா என்று கேட்பதில் தயங்க வேண்டாம். பதில் இல்லையென்றால் அது போஸ்டர். போஸ்டர் வாங்குவதில் தவறில்லை, போஸ்டர் விலைக்கு வாங்கினால் போதும்.

ஆடம்ஸின் படங்களில் சந்தை பெரிதாகக் கண்டுகொள்ளாத தொகுப்பு ஒன்றும் உண்டு. 1942இல், போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை அமெரிக்க அரசு வீடுகளிலிருந்து வெளியேற்றி முகாம்களில் அடைத்தது. பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள். விசாரணை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. கலிஃபோர்னியாவின் மன்சனார் முகாமில் 10,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். 1943இல் ஆடம்ஸ் அங்கே சென்று விவசாயிகளையும் செவிலியரையும் பள்ளிப் பிள்ளைகளையும் படமெடுத்தார். 1944இல், போர் முடியும் முன்பே, 'சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். எதிர்ப்பு வந்தது. முகங்கள் சிரிக்கின்றன, முள்வேலி தெரியவில்லை என்ற குறை இன்றும் சொல்லப்படுகிறது. அதில் நியாயமும் உண்டு. அதே முகாமில் அடைபட்டிருந்த டோயோ மியாடகே என்ற புகைப்படக்காரர், லென்ஸை மறைத்து எடுத்துச்சென்று மரப்பெட்டியில் பொருத்தி எடுத்த படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த அநீதிக்கு அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது 1988இல். அதற்கு 23 ஆண்டுகள் முன்பே, 1965இல், ஆடம்ஸ் தன் மன்சனார் நெகட்டிவ்களையும் பிரிண்டுகளையும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். 200க்கும் மேற்பட்ட அந்தப் படங்கள் நூலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றி, பெரிய அளவில் கிடைக்கின்றன.