திறக்க மறுக்கும் மெய்நிகர் கணினி: அழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பி.சி.ஏ., பாலிடெக்னிக், பொறியியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் புகாரை நாம் அடிக்கடி கேட்கிறோம். "லேப்டாப் நல்லாத்தான் இருக்கு, அதுக்குள்ள இருக்கிற லினக்ஸ் மட்டும் ஓப்பன் ஆக மாட்டேங்குது." பெற்றோருக்கு இது புரிவதில்லை. லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப் போகச் சொல்கிறார்கள். பிரச்சினை பெரிதாவது பெரும்பாலும் அங்கேதான்.

விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒரு மென்பொருள், விண்டோஸ் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி ஓடுவது போன்ற ஏற்பாட்டைச் செய்து தருகிறது. அதைத்தான் மெய்நிகர் கணினி என்கிறோம். அதன் ஹார்ட் டிஸ்க் என்பது உண்மையில் உங்கள் லேப்டாப்பில் இருக்கும் ஒரு பெரிய கோப்பு. பெயரின் கடைசியில் 'விடிஐ' என்று இருக்கும். பிள்ளை எழுதிய புரோகிராம், டேட்டாபேஸ், ப்ராஜெக்ட் எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள்தான். மெய்நிகர் கணினி திறக்கவில்லை என்றால் அந்தக் கோப்பு அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது அப்படியே இருக்கும்.

கச்சிராயபாளையம் பக்கம் நமக்குத் தெரிந்த ஒரு மாணவியின் லேப்டாப்பைக் கடையில் வாங்கிப் பார்த்தவர்கள், விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றிக் கொடுத்தார்கள். மூன்று மாத ப்ராஜெக்ட் அதோடு போயிற்று. அவர்கள் மேல் முழுக் குற்றமும் சொல்ல முடியாது. உள்ளே அப்படி ஒன்று இருப்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஆகவே முதல் வேலை நகல் எடுப்பதுதான். விர்ச்சுவல்பாக்ஸை முழுவதுமாக மூடிவிட்டு, உங்கள் பயனர் கோப்புறையில் 'விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்' என்று இருப்பதை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுங்கள். பென் டிரைவ் 'ஃபேட்32' முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது. இடம் காலியாக இருந்தாலும் ஏற்காது. பலர் இதில்தான் குழம்புகிறார்கள். காலியான பென் டிரைவை 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபார்மட் செய்துகொண்டால் போதும். நகல் கையில் இருந்தால் பிறகு எதையும் தைரியமாக முயன்று பார்க்கலாம். 'ரிமூவ்' கொடுக்கும்போது வரும் 'டிலீட் ஆல் ஃபைல்ஸ்' என்பதை மட்டும் தொடாதீர்கள்.

அடுத்து, திரையில் வரும் பிழைச் செய்தியை மூடிவிடாமல் போனில் படம் எடுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

'விடி-எக்ஸ்' அல்லது 'ஏஎம்டி-வி' என்ற சொல் அதில் இருந்தால், பிராசஸரில் உள்ள மெய்நிகராக்க வசதி அணைந்திருக்கிறது என்று பொருள். புதிய கணினி உருவாக்கும்போது 32 பிட் வகைகள் மட்டுமே பட்டியலில் வந்தாலும் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', 'சிபியு' பக்கம் போனால் 'விர்ச்சுவலைசேஷன்' இயங்குகிறதா என்று தெரியும். இல்லையென்றால் லேப்டாப்பை அணைத்து மீண்டும் போடும்போது எஃப்2, எஃப்10 அல்லது டிலீட் பொத்தானை அழுத்தி பயாஸுக்குள் போய் இயக்க வேண்டும். பழைய டெஸ்க்டாப்பாக இருந்தால், மதர்போர்டில் உள்ள நாணய அளவு பேட்டரி தீர்ந்து பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். பேட்டரியை மாற்றாவிட்டால் இதே கோளாறு மறுபடி வரும். விண்டோஸ் 11 லேப்டாப்களில் பயாஸை மாற்றினால் 'பிட்லாக்கர்' மீட்புக் குறியீடு கேட்கலாம். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்பே குறித்து வையுங்கள்.

வசதி இயங்கியும் தகராறு செய்தால் விண்டோஸின் 'ஹைப்பர்-வி' அதைப் பிடித்து வைத்திருக்கலாம். விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ்ப்புறம் ஒரு பச்சை ஆமைச் சின்னம் தெரிந்தால் இதுதான் என்று புரிந்துகொள்ளலாம். ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டையும் விண்டோஸ் வசதிகள் பட்டியலில் நிறுத்தி, லேப்டாப்பை மறுபடி தொடங்க வேண்டும். அப்படியும் சரியாகவில்லை என்றால் 'மெமரி இன்டெக்ரிட்டி'யையும் நிறுத்திப் பார்க்கலாம். அது ஒரு பாதுகாப்பு வசதி என்பதால் வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுவது நல்லது.

கல்வராயன் மலைப் பக்கம் நாம் அதிகம் பார்ப்பது வேறு வகை. வெள்ளிமலையிலோ சுற்றியுள்ள கிராமங்களிலோ மழை நாளில் மின்சாரம் போகும். பேட்டரி செத்த பழைய லேப்டாப்போ யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்போ அந்த நொடியே அணைந்துவிடும். உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் கணினியும் பாதியில் நின்றுவிடும். இதில் மூன்று விதமாகக் கோளாறு வரலாம்.

'சேவ்டு' என்று காட்டி, திறக்கும்போது பிழை வந்தால், 'டிஸ்கார்ட் சேவ்டு ஸ்டேட்' கொடுங்கள். கணினியின் மின்சாரத்தைப் பிடுங்கியதற்குச் சமம் அது. சேமிக்காத வேலை மட்டும்தான் போகும், டிஸ்கில் உள்ளது இருக்கும். 'இன்அக்ஸசிபிள்' என்று காட்டினால், 'விபாக்ஸ்' என்று முடியும் அமைப்புக் கோப்பு கெட்டிருக்கலாம். அதே கோப்புறையில் 'விபாக்ஸ்-பிரீவ்' என்று முந்தைய நகல் ஒன்று இருக்கும். கெட்டதை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, இதன் பெயரில் உள்ள 'பிரீவ்' பகுதியை நீக்கினால் போதும். மூன்றாவது, லினக்ஸ் தொடங்கி 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற கருப்புத் திரையில் நிற்பது. கோப்பு அமைப்பு சேதமாகியிருக்கிறது. எந்தப் பகுதி என்று அந்தத் திரையே சொல்லும். அதன் பெயரோடு 'எஃப்எஸ்சிகே' கட்டளையைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நகல் எடுக்காமல் இதை மட்டும் செய்யாதீர்கள்.

லேப்டாப்பின் சி டிரைவ் நிரம்பிவிட்டாலும் மெய்நிகர் கணினி நின்றுவிடும். விடிஐ கோப்பு பயன்படுத்தப் பயன்படுத்த வளரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பழைய வீடியோக்களை நீக்கி இடம் கொடுங்கள். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் மெய்நிகர் கணினிக்கு 4 ஜிபிக்கு மேல் ஒதுக்கவும் கூடாது.

எதுவும் பலிக்கவில்லை என்றால், புதிதாக ஒரு மெய்நிகர் கணினி உருவாக்கி, டிஸ்க் கேட்கும் இடத்தில் பழைய விடிஐ கோப்பையே காட்டலாம். மலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. புதிய உபுண்டுவை இறக்க 5 ஜிபி அளவுக்கு டேட்டா வேண்டும், அங்கே கிடைக்கும் சிக்னலில் அது இரண்டு நாள் வேலை. ஆனால் 'ஸ்னாப்ஷாட்' எடுத்திருந்தால் இந்த வழி உங்களைப் பழைய நிலைக்கே கொண்டுபோகும். ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு செய்த வேலை 'ஸ்னாப்ஷாட்ஸ்' கோப்புறையில் தனியாக இருக்கும். அந்த நிலையில் மேலே சொன்ன 'பிரீவ்' வழியையே முதலில் முயலுங்கள்.

கடைக்குத்தான் போகவேண்டும் என்றால், "உள்ளே ஒரு மெய்நிகர் கணினி இருக்கிறது, ஃபார்மட் செய்யாதீர்கள்" என்று ஒரு தாளில் எழுதி லேப்டாப்போடு சேர்த்துக் கொடுங்கள்.