பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரும் பிரித்தானிய மேன்முறையீட்டுச் சட்டமும்

இலங்கை சுதந்திரமடைந்த 1948 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் நாட்டினச் சட்டமொன்றை நிறைவேற்றிற்று. அதன்படி பொதுநலவாய நாடுகளின் மக்கள் யாவரும் பிரித்தானியக் குடிகளாகக் கருதப்பட்டனர். அவர்கள் இங்கிலாந்தினுள் நுழைதற்கு எவரிடத்தும் அனுமதி வேண்டவேண்டியிருக்கவில்லை. இலண்டனிற் கல்வி பயிலும் மகனைக் காணச் சென்ற தந்தைக்குக் கடவுச்சீட்டும் கப்பற் பயணச்சீட்டுமே போதியனவாயிருந்தன. இந்நிலை 1962 ஆம் ஆண்டுப் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டத்தோடு மாறிற்று. அச்சட்டம் வருவோரைத் தடுத்துத் திருப்பியனுப்பும் அதிகாரத்தைக் குடிவரவு அதிகாரிகளுக்கு வழங்கியது. ஆனால், அவ்வதிகாரியின் முடிபு பிழையெனின் அதனை யாரிடத்து முறையிடுவது என்பது பற்றி யாதொன்றும் கூறவில்லை.

இக்குறையை ஆராய்தற்குச் சேர் றோய் வில்சன் என்பார் தலைமையிற் குழுவொன்று அமைக்கப்பட்டு, அதன் அறிக்கை 1967 இல் வெளிவந்தது. ஒரு மனிதனுடைய எதிர்காலம் முழுவதையும் பாதிக்கவல்ல முடிபைச் செய்யும் அதிகாரம், மேன்முறையீட்டுக்கு இடமின்றி அரசாங்க உத்தியோகத்தர் கையிலே விடப்படுதல் சட்டவாட்சிக்கு ஒவ்வாது என்பதே அவ்வறிக்கையின் உயிர்நிலையான கருத்து. அதனை ஏற்று 1969 இல் இயற்றப்பட்ட குடிவரவு மேன்முறையீட்டுச் சட்டம், முதலில் தீர்ப்பாளர் ஒருவரும் அவருக்கு மேல் நியாயசபையும் வழக்கை ஆராய வகை செய்தது. 1971 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டமும் இவ்வுரிமையைப் பேணிற்று. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்து மறுக்கப்பட்ட வருகையாளரும் முறையிடலாம் என்றாயிற்று.

வருகையாளர் வழக்குகளில் ஆராயப்படும் பொருள் யாது? வருபவர் குறித்த காலத்துள் தம் நாட்டுக்குத் திரும்பிச் செல்லும் எண்ணமுடையவரா என்பதே அவற்றுள் முதன்மையானது. எண்ணத்தைக் கண்ணாற் காணவியலாது. ஆதலின் அதிகாரி அதன் அறிகுறிகளைத் தேடுகின்றார்: நிலையான தொழில் உண்டா, வங்கியிற் பணமுண்டா, காணி பூமி உண்டா, ஊரிலே விட்டுச்செல்லும் குடும்பமுண்டா என வினவுகின்றார். இவ்வளவுகோல் நடுவயதினனாகிய வணிகனுக்குப் பொருந்தலாம். எழுபது வயதுத் தாய்க்கு எங்ஙனம் பொருந்தும்? அவள் தொழில் செய்பவளல்லள். கணவன் இறந்திருப்பின் அவளுக்குள்ளது விதவைப் பென்சன் மாத்திரமே. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் வீட்டையும் வளவையும் பெண்மக்களுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துத் தமக்குச் சீவிய உரித்து மாத்திரம் வைத்துக்கொள்ளுதல் பெருவழக்கு. ஆகவே காணி உறுதியிலும் அவள் பெயர் உரித்தாளராக இராது. விண்ணப்பத்தின் பொருட்டு மகன் அனுப்பிய பணம் வங்கிக் கணக்கிலே திடீரெனத் தோன்றினால், அது வந்த வழி யாது என்ற ஐயமே மிகுகின்றது. பிள்ளைகள் அனைவரும் பிறநாட்டிலிருப்பாராயின், ஊருக்குத் திரும்புதற்கு அவளுக்குக் காரணமில்லை என எழுதப்படுகின்றது. எக்காரணத்தால் அவள் பயணத்தை விரும்பினாளோ அக்காரணமே அவள் பயணத்தைத் தடுக்கும் காரணமுமாகின்றது.

இங்ஙனம் தாளிலே தோற்கும் விண்ணப்பத்துக்கு மேன்முறையீடு அளித்த நன்மை ஒன்றுண்டு. விண்ணப்பித்த தாய் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பாள்; விசாரணை இங்கிலாந்திலே நடைபெறும். அவள் சார்பிலே தீர்ப்பாளர் முன் நின்று சாட்சியம் கூறுபவர் அவளை அழைத்த மகனோ மகளோ ஆவர். தாய் எத்தனை கிழமை தங்குவாள், ஊரிலே அவளை எதிர்நோக்கியிருப்பவர் யாவர், பணம் எவ்வழி வந்தது என்பனவற்றை அவர்கள் வாயாற் கூற, குறுக்குவிசாரணையில் அவை சோதிக்கப்படும். பிற்காலத்தில், தாள்களை மாத்திரம் வைத்துத் தீர்க்கப்பட்ட முறையீடுகளினும் நேரில் விசாரிக்கப்பட்டவை கூடிய வெற்றி பெற்றமை இது கொண்டு விளங்கும்.

இலங்கையருக்கு விசா கட்டாயமானது 1985 மே மாதத்திலாகும். 1983 ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர்த் தமிழர் பலர் புகலிடம் வேண்டி இலண்டன் விமான நிலையத்தில் வந்திறங்கியமையே அதற்குக் காரணம். பொதுநலவாய நாடுகளுள் முதன்முதல் இவ்விதிக்குட்பட்டது இலங்கையே; இந்தியா, பாக்கிஸ்தான், பங்களாதேசம், நைஜீரியா, கானா என்பன அடுத்த ஆண்டிலேதான் சேர்க்கப்பட்டன. அகதிகளைத் தடுக்க எழுந்த மதில், அந்த அகதிகளின் தாய் தந்தையர் பின்னாளிற் கடக்கவேண்டிய மதிலுமாயிற்று.

பின்னர் நிகழ்ந்தது உரிமையைக் கொடுப்பதும் பறிப்பதுமான வரலாறு. முறையீடுகள் குவிந்து தாமதம் விளைகின்றதெனக் கூறிய கன்சர்வேற்றிவ் அரசாங்கம், 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வருகையாளரின் மேன்முறையீட்டுரிமையை நீக்கிற்று. அம்மசோதா மீது 1992 நவம்பரில் விவாதம் நடந்தபொழுது எதிர்க்கட்சியின் உள்நாட்டு விவகாரப் பேச்சாளராயிருந்தவர் ரொனி பிளேயர். ஓர் உரிமையைப் பயன்படுத்துவதால் நிருவாகத்துக்கு இடைஞ்சல் உண்டாயின் அவ்வுரிமையையே ஒழித்துவிடுதல் விந்தையான நீதி என்னும் கருத்துப்பட அவர் வாதாடினார். 1997 இல் அவர் கட்சி வெளியிட்ட தேர்தல் விஞ்ஞாபனமும் விசா மறுக்கப்பட்ட வருகையாளர்க்கு மேன்முறையீடு அளிப்பதாக வாக்குறுதி கூறிற்று.

வாக்குறுதி நிறைவேறியது, ஆனால் விலையோடு நிறைவேறியது. 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, 2000 ஒக்ரோபர் 2 ஆம் நாள் முதல், குடும்பத்தவரைக் காண வருவோர்க்கு மாத்திரம் உரிமை மீண்டது. தாள்களை வைத்துத் தீர்ப்பதற்கு 150 பவுணும், நேர் விசாரணைக்கு 500 பவுணும் கட்டணமென விதிக்கப்பட்டன. பேச்சினாலேயே வெல்லத்தக்க வழக்குக்குப் பேச்சையே விலையுயர்ந்த பொருளாக்கியமை கவனித்தற்குரியது. கண்டனம் எழவே 2001 சனவரியில் அவை 50 ஆகவும் 125 ஆகவும் குறைக்கப்பட்டு, 2002 மே மாதத்தில் முற்றாக நீக்கப்பட்டன. வருகையாளர் திரும்புவார் என்பதற்கு 10,000 பவுண் பிணையாக வாங்கும் யோசனையொன்றும் அக்காலத்தில் எழுந்து கைவிடப்பட்டது. 2013 இலும், இலங்கை உள்ளிட்ட ஆறு நாட்டினரிடம் 3,000 பவுண் பிணை கேட்கும் திட்டம் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே மறைந்தது.

கட்டணமற்ற உரிமை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 2011 டிசம்பரில் 80 பவுண், 140 பவுண் எனக் கட்டணம் திரும்பிற்று. அடுத்து 2012 யூலை 9 ஆம் நாள் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நடைமுறைக்கு வந்தன. மாமன், மாமி, சிறிய தந்தை, ஒன்றுவிட்ட சகோதரர் முதலியோர் மேன்முறையீட்டுக்குரிய குடும்பத்தவர் என்னும் வரையறையிலிருந்து நீக்கப்பட்டமை ஒன்று. மற்றையது இதனினும் பெரிது. அதுகாறும் 65 வயது கடந்து, பிள்ளைகளின் பணத்திலே தங்கி வாழ்ந்த பெற்றோர் அங்கு நிரந்தரமாகக் குடியேற விதியிலே இடமிருந்தது. அந்நாள் முதல், அன்றாடக் கருமங்களையே பிறர் உதவியின்றிச் செய்யவியலாதவராயும், வேண்டிய பராமரிப்பைத் தம் நாட்டிலே பணங்கொடுத்தும் பெறமுடியாதவராயும் இருப்போர்க்கே அவ்விடம் என்றாயிற்று. எனவே, ஓரளவு உடல்நலமுள்ள பெற்றோர்க்குப் பிள்ளைகளைக் காணும் வழி வருகையாளர் விசா ஒன்றே.

அவ்வழியின் காவலும் மறு ஆண்டிற் போயிற்று. 2013 ஆம் ஆண்டுக் குற்றமும் நீதிமன்றங்களும் பற்றிய சட்டத்தின் 52 ஆம் பிரிவு, யூன் 25 முதல் குடும்ப வருகையாளரின் முழு மேன்முறையீட்டுரிமையை அகற்றிற்று. முறையீட்டிலே பலர் புதிய சான்றுகளைக் கொண்டுவருகின்றனர். அவற்றைப் புதிய விண்ணப்பத்தோடு தரலாம். முறையீட்டுக்கு எட்டு மாதம் செல்லக்கூடும், புதிய விண்ணப்பத்துக்குப் பதினைந்து வேலை நாட்களே போதும் என்று அரசாங்கம் வாதித்தது. இவ்வாதம் முற்றும் பொய்யன்று. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு உதவச் செல்லும் தாய்க்கு எட்டு மாதங் கழித்துக் கிடைக்கும் வெற்றியாற் பயன் சிறிதே. ஆயினும் பிழை சான்றிலன்றி அதிகாரியின் நோக்கில் இருப்பின், புதிய விண்ணப்பம் அதே நோக்குக்கு மீண்டும் ஆளாவதன்றி வேறென்ன? குடிவரவுத் துறையின் சுயாதீனத் தலைமைப் பரிசோதகர் 2011 இல் வெளியிட்ட அறிக்கை, முழு மேன்முறையீட்டுரிமை இல்லாத விண்ணப்பங்களை ஆராய்ந்து, அவற்றுட் பலவற்றில் சான்றுகள் செவ்வனே நோக்கப்படவில்லை என்றும், தேவையென முன்னறிவிக்கப்படாத பத்திரங்களைத் தரவில்லையெனச் சிலர் மறுக்கப்பட்டனர் என்றும் காட்டிற்று. பாராளுமன்றம் உரிமையை நீக்கியபொழுது இவ்வறிக்கை அதன்முன் இருந்தது.

எஞ்சியது மனித உரிமை பற்றிய முறையீடு. ஐரோப்பிய சமவாயத்தின் 8 ஆம் உறுப்புரை குடும்ப வாழ்வை மதிக்கவேண்டுமென்கின்றது. ஆயின் குடும்பம் என்பது யாது? தாயும் உடன்பிறந்தோரும் ஜேர்மனியில் வாழ, இங்கிலாந்திலிருந்த இலங்கையர் ஒருவரின் வழக்கில் 2003 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், வயதுவந்த பிள்ளைக்கும் பெற்றோருக்குமிடையே இயல்பான பாசத்தினும் மேலான ஒரு சார்பு வேண்டும் என்றது. 2015 இல் மேல் நியாயசபை வருகையாளர் பற்றிய வழக்கொன்றில், இவ்வுறுப்புரையின் பாதுகாப்பு நடைமுறையிற் பெரும்பாலும் கணவன் மனைவியர்க்கும், பெற்றோர்க்கும் பராயமடையாத பிள்ளைக்கும் இடைப்பட்ட உறவளவில் நிற்கும் எனத் தீர்த்தது. பாலகனைப் பிரிந்த தாய் சட்டத்தின் கண்ணிற் குடும்பத்தினள். அப்பாலகன் வளர்ந்து நாற்பது வயதினனான பின்னர், அவன் வீட்டுக்குச் செல்ல விரும்பும் அதே தாய் வெறும் வருகையாளர்.

ஆதலின் மறுக்கப்பட்ட பெற்றோர் இன்று செய்யத்தக்கது, மறுப்புக் கடிதத்திற் கூறப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து விடையிறுத்துப் புதிதாக விண்ணப்பித்தலேயாம்: மகன் அனுப்பிய பணமாயின் அவன் கணக்கிலிருந்து அது வந்தமைக்குரிய வங்கிப் பத்திரம், சீதன உறுதியாயின் சீவிய உரித்துக் கூறும் பகுதியும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், ஊரிலே உடனிருக்கும் மகளோ சகோதரியோ எழுதிய கடிதம் என்பன அதனோடு செல்லும். நீதித்துறை மீளாய்வுக்கு மேல் நியாயசபை செல்லும் வழியும் உண்டு. அதன் செலவைத் தாங்குவோர் சிலரே. புதிய விண்ணப்பத்துக்குக் கட்டணம் மறுபடியும் செலுத்தப்படும். முன்னர் எப்பொழுதேனும் விசா மறுக்கப்பட்டதுண்டா என்ற வினா அவ்விண்ணப்பத்தில் உள்ளது. அதற்கு ஆம் என்றே எழுதவேண்டும்.