சகோதரர் லாரன்சும் இறைப்பிரசன்னப் பயிற்சியும்

சகோதரர் லாரன்ஸ் (இயற்பெயர் நிக்கோலா எர்மான், சுமார் 1614 – பிப்ரவரி 12, 1691) பாரிஸ் நகரில் கார்மேல் சபை மடம் ஒன்றில் சமையல் வேலை செய்த துறவி. குருப்பட்டம் பெறாதவர், தன் பெயரில் நூல் எதையும் வெளியிடாதவர். நண்பரோடு பேசுவதுபோல் கடவுளோடு நாள் முழுவதும் பேசிக்கொண்டிருக்கலாம், அதற்குக் கோவிலோ தனியறையோ குறித்த வேளையோ கட்டாயமில்லை என்பது அவர் கண்ட வழி. அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் இறப்புக்குப் பின் தொகுக்கப்பட்டு, 'இறைப்பிரசன்னப் பயிற்சி' என்று பொருள்படும் தலைப்பில் உலகெங்கும் பரவின. கத்தோலிக்கத் துறவி ஒருவரின் இந்தச் சொற்களை நெடுங்காலம் பேணிக் காத்தவர்கள் பெரும்பாலும் புரோட்டஸ்டண்ட் கிறித்தவர்கள். அது ஏன் என்பதை அறிய 17-ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் சமயப் பூசலையும் பார்க்க வேண்டும்.

மடத்துக்கு வரும் முன்

லொரேன் நாட்டில் லூனெவில் நகருக்கு அருகிலுள்ள எரிமெனில் என்ற சிற்றூரில் பிறந்தார். லொரேன் அப்போது பிரான்சின் பகுதி அல்ல. தனிக் கோமகனின் ஆட்சியில் இருந்தது. 18-ஆம் வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்த்து நின்ற ஒரு மரத்தைக் கண்டு, இது இன்னும் சில நாளில் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று நினைத்தபோது கடவுளின் பராமரிப்பைப் பற்றிய உணர்வு தன்னுள் ஆழமாகப் பதிந்தது என்று அவர் பிற்காலத்தில் கூறினார். உடனே துறவியாகிவிடவில்லை. முப்பதாண்டுப் போரில் படைவீரராக இருந்தார். ஜெர்மன் படையினர் அவரை ஒற்றர் என்று பிடித்துத் தூக்கிலிடுவதாக மிரட்டினர். அதில் தப்பியவர், பின்னர் சுவீடன் படையுடன் நடந்த மோதலில் காயமடைந்தார். அந்தக் காலின் ஊனம் வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

பின்னர் பாரிசில் பியூபே என்ற அரசுக் கருவூல அதிகாரியின் வீட்டில் ஏவலாளாக வேலை பார்த்தார். கையில் எடுத்ததையெல்லாம் உடைத்துவிடும் ஆள் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொண்டார். 1640-இல் வோஜிரார் தெருவிலிருந்த காலணியற்ற கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். மடத்தில் தன் தடுமாற்றங்களுக்கெல்லாம் தண்டனை கிடைக்கும், அதையே கடவுளுக்குப் பலியாக்கிவிடலாம் என்று எதிர்பார்த்து வந்தாராம். கிடைத்ததோ மனநிறைவு மட்டும்தான். கடவுள் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று அதை நகைச்சுவையாகச் சொல்வார்.

அந்த மனநிறைவு எளிதில் வந்ததன்று. தான் நரகத்துக்கே உரியவன் என்ற உறுதி 4 ஆண்டுகள் அவரை வாட்டியது. எவர் சொல்லியும் அது நீங்கவில்லை. கடைசியில் அவர் எடுத்த முடிவுதான் அவருடைய ஆன்மிகத்தின் அடித்தளம்: கடவுள்மீது கொண்ட அன்பினால்தான் மடத்துக்கு வந்தேன்; மீட்போ அழிவோ எது நேர்ந்தாலும் சாகும்வரை அந்த அன்பிற்காகவே எதையும் செய்வேன். பலனைக் கணக்கிடுவதை விட்டதும் அச்சமும் விலகியது.

அடுப்படி

சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. ஆயினும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். கால் நோவு கூடியபின் உட்கார்ந்து செய்யும் வேலையாகச் செருப்புத் தைக்கும் பணி தரப்பட்டது. ('காலணியற்ற' சபையினர் செருப்பு அணிவார்கள்; சப்பாத்துத்தான் இல்லை.) மடத்துக்குத் திராட்சை மது வாங்க அவரைப் பர்கண்டிக்கும் அனுப்பினார்கள். வணிகமும் தெரியாது, காலும் நொண்டி. படகில் மதுப் பீப்பாய்களின்மேல் உருண்டுதான் நகர முடிந்தது. இது உம்முடைய வேலை என்று கடவுளிடம் சொல்லிவிட்டுப் போனேன், எல்லாம் நன்றாகவே முடிந்தது என்றார்.

அவருடைய பயிற்சியில் படிநிலைகளோ நுணுக்கமான தியான முறைகளோ இல்லை. நூல்களில் கண்ட முறைகள் தன்னைக் குழப்பவே செய்தன என்றார். வேலை தொடங்கும்போது கடவுளிடம் ஒரு சொல், நடுவே ஒரு சொல், முடிந்ததும் நன்றி. தவறினால் ஒப்புக்கொண்டு, அதையே எண்ணி மருகாமல் மீண்டும் பேச்சைத் தொடர வேண்டும். வாணலியில் முட்டை அடையைப் புரட்டுவதும் தரையில் கிடக்கும் துரும்பை எடுப்பதும் அன்பினால் செய்யப்பட்டால் போதும். செபவேளைக்கும் வேலைவேளைக்கும் தனக்கு வேறுபாடு தெரியவில்லை என்றும் சொன்னார். மடத்தின் செப நேரங்களை அவர் தவறவிட்டதில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

நூலும் சர்ச்சையும்

1666 ஆகஸ்ட் 3 அன்று ஜோசப் தெ பொபோர் என்ற குரு அவரை முதன்முறை சந்தித்தார். நான்கு உரையாடல்களின் சுருக்கத்தை எழுதிவைத்தவர் அவரே. லாரன்ஸ் இறந்தபின் கடிதங்களையும் குறிப்புகளையும் 1692-இலும், உரையாடல்களை 1694-இலும் பதிப்பித்தார். தன் கடிதத்தை எவரிடமும் காட்டக்கூடாது என்று நிபந்தனை போட்டு எழுதியவரின் சொற்கள் இவ்வாறு அச்சேறின. உரையாடல்களில் நாம் கேட்பது பொபோரின் காதுவழி வந்த குரல் என்பதையும் மறக்கக்கூடாது.

வெளியான காலம் மோசமானது. ஆன்மா முயற்சியை எல்லாம் விட்டுக் கடவுளில் அமைதியாக ஒடுங்கினால் போதும் என்று கற்பித்ததாக ஸ்பெயின் நாட்டுக் குரு மோலினோசை 1687-இல் உரோமை கண்டித்திருந்தது. பிரான்சில் மதாம் கியோன் என்ற பெண்மணியின் எழுத்துகள் விசாரணைக்கு உள்ளாயின. அவருக்குப் பரிந்த பேராயர் பெனலோனும் அவரை எதிர்த்த ஆயர் பொசுவேயும் நூல்களால் மோதிக்கொண்டனர். லாரன்சை நோய்ப்படுக்கையில் நேரில் கண்டிருந்த பெனலோன், தம் தரப்புக்கு அவரையும் சான்றாகக் காட்டினார். 1699 மார்ச் 12 அன்று திருத்தந்தை 12-ஆம் இன்னொசென்ட் பெனலோனின் நூலிலிருந்து 23 கருத்துகளைக் கண்டித்தார். பெனலோன் பணிந்தார். லாரன்ஸ் கண்டிக்கப்படவில்லை, ஆனால் சந்தேகத்தின் நிழல் அவர்மீதும் விழுந்தது.

அந்தச் சந்தேகம் பொருந்தாதது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. செயலற்ற அமைதியைப் போதித்தவர் 15 ஆண்டுகள் ஒரு பெரிய மடத்துக்குச் சமைத்திருக்க முடியாது. ஆனால் ஆயர்களின் அச்சத்துக்கும் ஓர் அடிப்படை இருந்தது. ஒவ்வொருவரும் கடவுளோடு நேரே பேசிக்கொள்ளலாம் என்றால் குருவும் அருட்சாதனமும் எதற்கு என்ற கேள்வி எழும். லாரன்ஸ் அந்தக் கேள்வியை எழுப்பவேயில்லை. அவரைப் படித்தவர்கள் எழுப்பலாம்.

பிற்காலப் பரவல்

புரோட்டஸ்டண்டான பியர் புவாரே 1699-இல் இந்நூலை மறுபதிப்புச் செய்தார். அதன்வழி ஜெர்மன், ஆங்கில வாசகர்களை அது எட்டியது. மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி தம் 50 தொகுதி 'கிறித்தவ நூலகம்' வரிசையில் லாரன்சின் பகுதிகளையும் சேர்த்தார். லாரன்சின் சொந்தச் சபையினர் அவர் பக்கம் முழுமையாகத் திரும்பியது வெகு காலம் கழித்துத்தான். கார்மேல் துறவி கோன்ராட் தெ மேஸ்தர் மூலங்களை ஒப்பிட்டு உருவாக்கிய ஆய்வுப் பதிப்பு 1991-இல், லாரன்ஸ் இறந்து சரியாக 300 ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது.