மீனம்பாக்கம் போதாது என்றபோது

பரந்தூர் பேச்சு வரும்போதெல்லாம் என்னோடு மாலை நடைக்கு வரும் நண்பர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "ஏன் சார், நம்ம உளுந்தூர்பேட்டையில உலகப்போர் காலத்து ஓடுதளம் சும்மாதானே கிடக்கு? அதை எடுத்துக்கிட்டா என்ன?"

விருத்தாசலத்துக்காரர்களுக்கு உளுந்தூர்பேட்டை பக்கம்தான். சென்னைக்காரருக்கு அது ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வருகிறவர் இன்னும் கொஞ்சம் போய்த் திருச்சியிலேயே ஏறிக்கொள்ள மாட்டாரா? ஆனாலும் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. 'வேறு இடமே இல்லையா' என்றுதான் எல்லோரும் இத்தனை வருஷமாகக் கேட்கிறோம்.

1932 அக்டோபரில் டாடாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னை வந்தது. அந்தக் காலத்தில் மீனம்பாக்கம் ஊருக்கு வெளியே இருந்த கிராமம். இப்போது நகரம் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும், இன்னொரு பக்கம் பரங்கிமலை, பின்னால் அடையாறு. மொத்தம் சுமார் 1,300 ஏக்கர். இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் ஒரே நேரத்தில் இரண்டையும் முழுதாகப் பயன்படுத்த முடியாது.

அங்கேயே விரிவாக்கலாம் என்றார்கள். மணப்பாக்கம், கொளப்பாக்கம் மக்கள் வீடு போகும் என்று எதிர்த்தார்கள். கடைசியில் அடையாற்றின் மேல் பாலம் கட்டி இரண்டாவது ஓடுபாதையை நீட்டினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு தன் இடத்தைக் கேட்டு வந்தது. விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகளை ஏற்றி இறக்கினார்கள். அதுவும் உலகப்போர் காலத்து ஓடுதளம்தான். நண்பர் இதை எனக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிய நிலையம் என்ற திட்டம் பல வருஷம் பேச்சாகவே இருந்து அடங்கியது. அதற்குள் 2008இல் ஐதராபாத்தும் பெங்களூரும் புது நிலையங்களுக்கு மாறிவிட்டன. பிறகு பன்னூர், பரந்தூர், திருப்போரூர், படாளம் என்று நான்கு இடங்கள் பரிசீலனைக்கு வந்தன. பன்னூரில் அதிகக் குடும்பங்கள் பாதிக்கப்படும் என்று காரணம் சொன்னார்கள். 2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று அறிவிப்பு வந்தது. ஆண்டுக்கு 10 கோடி பயணிகள் என்பது கணக்கு.

பீங்கான் தொழிலில் மண்ணோடு பழகியவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. தண்ணீர் ஓடாமல் நின்ற இடத்தில்தான் மெல்லிய களிமண் படியும். பழைய செங்கல்பட்டு மாவட்டமே ஏரி மாவட்டம். ஏரிக்கும் ஆயக்கட்டுக்கும் மட்டமான நிலம் வேண்டும். ஓடுபாதைக்கும் அதேதான் வேண்டும். அங்கே அத்தனை ஆயிரம் ஏக்கரை எங்கே வளைத்தாலும் ஒரு ஏரியோ வாய்க்காலோ உள்ளே வந்துவிடும். பரந்தூரிலும் வந்திருக்கிறது. பல ஏரிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாய் அந்தத் திட்ட நிலத்துக்குள்ளேயே ஓடுகிறது. கால்வாயை மாற்றி விடலாம் என்கிறார்கள். மழைக்குக் காகிதத்தில் உள்ள வழி தெரியுமா என்பது என் சந்தேகம்.

சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நெய்வேலியின் பக்கத்தில் வாழ்கிறவர்கள் நாம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் பேரன்மார் இன்னமும் வேலை கேட்டு நிற்பதைப் பார்க்கிறோம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்ட நெல் வயலுக்குள் இயந்திரம் இறங்கியதையும் பார்த்தோம். அதனால்தான் ஏகனாபுரம் மக்களின் பிடிவாதம் எனக்கு விசித்திரமாகப் படவில்லை. பரந்தூர் திட்டத்தில் வீட்டையும் வயலையும் சேர்த்து இழக்கப்போகும் ஊர் அது. 2022 முதல் போராடுகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் அவர்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போடவே போகவில்லை. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்துவிட்டது.