வெண்கலக் காசில் கதிரவனும் கிறிஸ்துவும்

கி.பி. 312 அக்டோபரில், ரோம் நகருக்கு அருகே மில்வியன் பாலத்துப் போரில் கான்ஸ்டன்டைன் வென்றார். அவ்வெற்றியோடு ரோமப் பேரரசு கிறிஸ்தவத்தின் பக்கம் திரும்பியது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர் வெளியிட்ட வெண்கலக் காசுகள் அவ்வளவு விரைவான மாற்றத்தைக் காட்டவில்லை.

போருக்குப் பின்னும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அக்காசுகளின் பின்புறத்தில் நின்றவர் கதிரவனே. தலையில் ஒளிமுடி, உயர்த்திய வலக்கை, இடக்கையில் உலக உருண்டை. ‘வெல்லற்கரிய கதிரவனாகிய தோழனுக்கு’ என்பது சுற்றியுள்ள லத்தீன் பொறிப்பின் பொருள். அன்றாடச் சந்தையில் கைமாறியது வெண்கலமே. ஆகவே எளிய மக்கள் கண்ட அரச சமயம் இதுதான்.

318ஐ ஒட்டிக் கதிரவன் வெண்கலத்திலிருந்து மறைந்தார். அவ்விடத்திற்குச் சிலுவை வரவில்லை. கோட்டை வாயில், படைக்கொடி, வேண்டுதல் வாசகம் சூழ்ந்த மாலை ஆகியவை வந்தன. எச்சமயத்தாரையும் புண்படுத்தாத உருவங்கள் இவை. 327 அளவில் கான்ஸ்டான்டிநோபிளில் அச்சிடப்பட்ட ஒரு வகையில், பாம்பைக் குத்தி நிற்கும் கொடியின் உச்சியில் கிறிஸ்துவின் பெயர்க்குறி உள்ளது. கிரேக்கத்தில் அப்பெயரின் முதலிரு எழுத்துகளை இணைத்த குறி அது. இவ்வகைக் காசு இன்று மிக அரிது.

337இல் கான்ஸ்டன்டைன் இறந்தபின் அவருடைய மைந்தர்கள் வெளியிட்ட காசு இன்னும் நுட்பமானது. முன்புறத்தில் முக்காடிட்ட தலை. ‘தெய்வமானவர்’ என்ற பழைய பட்டம். பின்புறத்தில் நான்கு குதிரை பூட்டிய தேரில் அவர் விண்ணேறுகிறார். மேலிருந்து ஒரு கை அவரை நோக்கி நீள்கிறது. இறந்த பேரரசரைத் தெய்வமாக்கும் தொன்மரபை ஒருவர் இதில் காணலாம். கிறிஸ்தவக் கடவுளின் அழைப்பை மற்றொருவர் காணலாம். அன்றைய ஆயர் யூசிபியஸும் இக்காசை வருணித்திருக்கிறார்.

கோயில் பலிகளை 391இல் தடைசெய்த தியோடோசியஸின் சிறுகாசிலும் இக்கலப்பு தொடர்கிறது. சிறகுடைய வெற்றித் தேவதை கைதியை இழுத்துச் செல்கிறாள். அவளருகே கிறிஸ்துவின் குறி. சட்டம் விலக்கிய பழைய தேவதையைக் காசு விலக்கவில்லை.

கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் இத்தகைய சிறு ரோமக் காசுகள் கரூரிலும் மதுரையிலும் இலங்கையிலும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றை வணிகச் சான்றாக மட்டும் எண்ணி நிறுத்துவது வழக்கம். தேய்ந்த பின்புறத்தையும் ஊன்றி நோக்கினால், ஒரு பேரரசு தன் கடவுளரை எத்துணைத் தயக்கத்துடன் மாற்றிக்கொண்டது என்பதும் புலப்படும்.