கரிக்கு ஒரு வரி இருந்தது

இந்தியாவில் கார்பன் வரி வருமா, வராதா என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் சொல்வது இதைத்தான்: அது வந்து, பதினைந்து வருஷம் இருந்து, போயும் விட்டது. 2010 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது, 2025 செப்டம்பர் 22 அன்று முடிந்தது. கூத்தாநல்லூர் கடைத்தெருவில் அதைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்து நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் இங்கே டீக்கடையில் மேட்டூர் நீர்மட்டம் முதல் மலேசிய ரிங்கிட் மதிப்பு வரை எதுவும் விவாதத்துக்குத் தப்பாது.

அப்போது நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி. 2010 பட்ஜெட்டில் ‘சுத்தமான எரிசக்தி செஸ்’ என்று ஒன்றை அறிவித்தார். நிலக்கரி, பழுப்பு நிலக்கரி எதுவானாலும், உள்நாட்டில் வெட்டினாலும் கப்பலில் இறக்கினாலும், டன்னுக்கு 50 ரூபாய். கார்பன் என்ற சொல் பெயரில் இல்லை. ஆனால் எரிக்கப் போகும் கரியின் எடைக்கு வரி என்றால் அதற்கு வேறென்ன பெயர் வைப்பது? ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் கரி எரிகிறது. ஆக, ஒரு யூனிட்டுக்கு மூன்றரை காசு.

அந்த மூன்றரை காசு நம் கண்ணில் படவே இல்லை. ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூருக்கு வரும். செஸ் அந்தக் கரியின் விலையோடு சேர்ந்து மின்வாரியத்தின் செலவுக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். விவசாயிக்கு 1990 முதல் இலவச மின்சாரம். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காத வருஷங்களில் இந்தப் பக்கம் குறுவையைக் காப்பாற்றுவது பம்பு செட்டுதான், அதற்கு பில்லே கிடையாது. 2016-இல் இருந்து வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். பில்லே வராத இடத்தில் செஸ்ஸை எங்கே தேடுவது?

இதே மண் வரிக்காகக் கொதித்த மண் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக வேதாரண்யத்துக்கு நடந்தார். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்ட, ஊர்க்காரர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30-இல் உப்பு அள்ளினார்கள். உப்பு வரி தலைக்குக் கணக்குப் பார்த்தால் சொற்பம்தான். ஆனால் உப்பு எல்லோர் அடுப்படியிலும் இருந்தது, வரி எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவ்வளவு பின்னால் போக வேண்டாம். கரி செஸ் வந்த அதே 2010-இல்தான் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒரு கம்பெனியோடு மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. கிராமம் கிராமமாக எதிர்ப்பு எழுந்து, 2013-இல் ஜெயலலிதா அரசு அதை நிறுத்தியது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு என்று மூன்று இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது, சில நாளிலேயே அவற்றை நீக்க வேண்டியதாயிற்று. மண்ணுக்கு அடியில் கிடக்கும் கரிக்காக ஊரே திரண்டது. நமக்காக எண்ணூரில் எரிகிற கரியின் வரியைப் பற்றி ஒரு தட்டி போர்டுகூடக் கிடையாது.

எதிர்ப்பே இல்லாததால் வரி சுலபமாக ஏறியது. அருண் ஜேட்லி 2014-இல் 100 ரூபாய் ஆக்கினார், 2015-இல் 200, 2016-இல் 400. பெயரும் ‘சுத்தமான சுற்றுச்சூழல் செஸ்’ என்று மாறியது. ஆறு வருஷத்தில் எட்டு மடங்கு. பெட்ரோலில் இப்படிச் செய்திருந்தால் நாடு சும்மா இருந்திருக்குமா? 2014-15 பொருளாதார ஆய்வறிக்கை இந்தியா கார்பன் மானியத்திலிருந்து கார்பன் வரிக்கு மாறிவிட்டது என்று ஒரு தனி அத்தியாயமே எழுதிப் பெருமைப்பட்டது.

சரி, பணம் எங்கே போனது? என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மையமே இதுதான். அந்தப் பணம் தேசிய சுத்த எரிசக்தி நிதியம் என்ற தனிக் கணக்குக்குப் போய், சூரிய மின்சாரம், காற்றாலை, ஆராய்ச்சி ஆகியவற்றுக்குச் செலவாகும் என்பது அரசு கொடுத்த வாக்கு. 2010-11 முதல் 2017-18 வரை வசூலானது சுமார் 86,440 கோடி ரூபாய். நிதியத்துக்கு மாற்றப்பட்டது சுமார் 29,645 கோடி. அதிலும் திட்டங்களுக்குப் போனது 15,911 கோடி. கங்கையைச் சுத்தம் செய்யும் திட்டத்துக்கும் அதில் ஒரு பங்கு. அதாவது நூறு ரூபாய் வாங்கி, பதினெட்டு ரூபாயைத்தான் சொன்ன வேலைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தப் பாசாங்கும் முடிந்தது. மாநிலங்களின் வரி வருமானம் வருஷத்துக்கு 14 சதவீதம் வளரும், குறைந்தால் ஐந்து வருஷம் ஈடுகட்டுவோம் என்று மத்திய அரசு ஒப்புக்கொண்டிருந்தது. ஈடுகட்டப் பணம் வேண்டுமே. சிகரெட், கார், குளிர்பானத்தோடு கரியையும் இழப்பீட்டு செஸ்ஸில் சேர்த்தார்கள். அதே 400 ரூபாய்தான், ஆனால் காற்றைச் சுத்தம் செய்ய இல்லை, மாநில கஜானாவின் ஓட்டையை அடைக்க. கொரோனா காலத்தில் இழப்பீடு கொடுக்க முடியாமல் இரண்டு வருஷத்தில் 2.69 லட்சம் கோடி கடன் வாங்கினார்கள். அதை அடைக்கவும் இதே செஸ்தான். எங்கள் இழப்பீடு எங்கே என்று அதிமுக ஆட்சியும் கேட்டது, திமுக ஆட்சியும் கேட்டது, இரண்டுமே நியாயமான கேள்வி. அந்தப் பணத்தில் ஒரு பகுதி சூரிய மின்சாரத்துக்கென்று வாங்கியதாச்சே என்ற கேள்வி எங்கேயும் எழுந்து நான் பார்க்கவில்லை.

கடைசியில் 2025 செப்டம்பர் 22. இழப்பீட்டு செஸ் நீங்கியது, கரிக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பார்க்க வரி கூடினது மாதிரி இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டன் 1,000 ரூபாய் விற்கும் சாம்பல் மிகுந்த மட்டக் கரிக்கு முன்பு 50-உம் 400-உம் சேர்த்து 450 ரூபாய் வரி. இப்போது 180. டன் 6,000 ரூபாய் விற்கும் நல்ல இறக்குமதிக் கரிக்கு முன்பு 700, இப்போது 1,080. எடைக்கு வாங்கிய வரி விலைக்கு வாங்கும் வரியாகிவிட்டது. மட்டமான கரி மலிந்தது. மின் உற்பத்திக்கான கரியில் சராசரியாக டன்னுக்கு 260 ரூபாய் குறையும் என்று மத்திய அரசே சொன்னது, அதுவும் ஒரு நல்ல செய்தியாக!

இங்கேதான் எங்கள் ஊரின் இன்னொரு பெயர் ஞாபகம் வருகிறது. கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள். சபுராளிகள் அனுப்பிய பணத்தில் எழும்பிய வீடுகள்தான் காரணம். அந்தப் பெரிய சிங்கப்பூர் 2017 பட்ஜெட்டிலேயே கார்பன் வரி போடப் போகிறோம் என்று அறிவித்தது. முதலில் டன்னுக்கு 10 முதல் 20 வெள்ளி என்றார்கள். பிறகு 5 வெள்ளியில் தொடங்கலாம் என்று இறங்கி வந்தார்கள். 2019-இல் வரி வந்தது. 2024-இல் 25 வெள்ளி, 2026-இல் 45, 2030-க்குள் 50 முதல் 80 வரை என்று படிக்கட்டை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வருஷத்துக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியிடும் ஆலைகள்தான் கட்ட வேண்டும். மின்கட்டணம் ஏறினால் அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்குத் தள்ளுபடியும் உண்டு.

வெளிப்படையாகச் சொன்னாலே வரி நிலைத்துவிடும் என்று நான் வாதிட வரவில்லை. ஆஸ்திரேலியாவில் ஜூலியா கில்லார்ட் 2012 ஜூலையில் கொண்டு வந்ததை டோனி அபாட் அரசு 2014 ஜூலையில் தூக்கி எறிந்தது. கனடாவில் வசூலில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தும், 2025 ஏப்ரலில் நுகர்வோர் கார்பன் கட்டணத்தைப் பூஜ்யமாக்க வேண்டி வந்தது. ஆனால் அங்கெல்லாம் அதற்காகத் தேர்தல் மேடையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் தோற்றது என்றாலும், தோற்றது என்ன என்று ஜனங்களுக்குத் தெரியும். இங்கே ஒளித்து வைத்து வாங்கியதால் எதிர்க்க ஆளில்லை. எடுத்தபோது காப்பாற்றவும் ஆளில்லாமல் போனது அதே காரணத்தால்தான்.

இதற்கு நடுவில் ஐரோப்பிய ஒன்றியம், வெளியிலிருந்து வரும் இரும்பு, அலுமினியம், சிமெண்ட் மாதிரியான சரக்குகளுக்கு எல்லையில் கார்பன் கட்டணம் வசூலிக்கும் திட்டத்தை 2023 அக்டோபரில் ஒத்திகையாகத் தொடங்கியது. இது நியாயமற்றது என்று டெல்லி திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: சொந்த நாட்டில் ஏற்கெனவே கார்பன் விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். நம் 400 ரூபாயைக் கழிப்பார்களா என்று வாதாடவாவது ஒரு வழக்கு இருந்தது. கார்பன் சந்தை ஒன்றை 2023-இல் அறிவித்து மெல்ல உருவாக்கி வருகிறோம், அது வேறு கதை. ஐரோப்பாவின் கட்டணம் 2026 ஜனவரி 1 அன்று முழுமையாக அமலுக்கு வந்தது. சிங்கப்பூரின் 45 வெள்ளியும் அதே நாளில்தான். நம்முடைய கரி செஸ் போய் அப்போது மூன்று மாதம்கூட முழுசாக ஆகி பத்து நாள்தான் ஆகியிருந்தது.